டிரைவிங் ஸ்கூல் உரிமம்: சட்டம் உண்மையில் எதைக் கேட்கிறது?

வைகைக்கரை எழுதியது:

பயிற்சிப் பள்ளியிலேயே தேர்ச்சி பெற்றுவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்ற செய்தி 2024 மே மாதக் கடைசியில் பரவியது. அதில் எது உண்மை, எது கற்பனை என்பது இன்றுவரை பலருக்கும் தெளியவில்லை. எங்கள் பகுதியில் இரண்டே கார்களை வைத்துக்கொண்டு நடத்தப்படும் ஒரு பள்ளியின் துண்டறிக்கையில்கூட ‘தேர்வு இல்லாமல் உரிமம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ‘அரசு உரிமம் பெற்றது’ என்று பெயர்ப்பலகையில் எழுதுவதற்குச் சட்டத்தில் என்ன பொருள்? அந்த உரிமத்தை வழங்கும் முன் அரசு எதையெல்லாம் சரிபார்க்கிறது? அதை நம்பிப் பணம் கட்டலாமா? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

சட்டப்புள்ளி எழுதியது:

இரண்டு வகைப் பள்ளிகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்த வினை இது.

முதல் வகை நாம் தெருவில் காணும் வழக்கமான பள்ளி. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 12-ஆம் பிரிவு, ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளுக்கு உரிமம் வழங்குவது, மேற்பார்வையிடுவது, உரிமத்தைப் பறிப்பது ஆகியவற்றுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அதன்படி வந்தவை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் உள்ள 24 முதல் 31 வரையிலான விதிகள். கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கும் எவரும் 11-ஆம் படிவத்தில் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். காலாவதியாவதற்குக் குறைந்தது 60 நாள்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இப்பள்ளி பயிற்சியின் முடிவில் தருவது 5-ஆம் படிவச் சான்றிதழ். அதை வைத்திருப்பவர் வழக்கம்போல் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் ஓட்டிக் காட்டியே ஆக வேண்டும்.

இரண்டாம் வகை, 2021 ஜூன் 7-ஆம் நாள் அறிவிக்கப்பட்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 31பி முதல் 31ஜே வரையிலான விதிகளின்கீழ் அமையும் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 12-ஆம் பிரிவோடு சேர்க்கப்பட்ட 5-ஆம் உட்பிரிவுதான் இதற்கு அடிப்படை. இந்த மையம் தரும் 5பி படிவச் சான்றிதழுக்கு மட்டுமே ஓட்டுதல் தேர்விலிருந்து விலக்கு உண்டு. 2024-இல் புதிதாக எதுவும் மாறவில்லை என்பதையும், 5-ஆம் படிவம் தேர்விலிருந்து விலக்கு அளிக்காது என்பதையும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அப்போதே விளக்கமாக வெளியிட்டது.

ஆகவே அந்தத் துண்டறிக்கை முதல் வகைப் பள்ளியுடையது என்றால், அது 27-ஆம் விதிக்கே எதிரானது. விதிகளுக்குப் புறம்பான வழியில் உரிமம் வாங்கித் தரும் ஆற்றல் தமக்கு இருப்பதாக யாரையும் நம்ப வைக்கும்படி உரிமதாரர் நடந்துகொள்ளக் கூடாது என்பது அவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுள் ஒன்று.

இரண்டாம்கியர் எழுதியது:

பள்ளி நடத்துகிறவன் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்கிறேன். உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது எங்களிடம் எதிர்பார்ப்பவை பெரும்பாலும் பொருள்களும் இடமும்தான். வகுப்பு எடுக்க இடம், வண்டி நிறுத்த இடம், கரும்பலகை, சாலை வரைபடப் பலகை, போக்குவரத்துக் குறியீடுகளின் அட்டவணை, எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக் ஷூ, டிரம், பஞ்சர் ஒட்டும் கருவிகள், ஜாக்கி, டயர் காற்றழுத்தமானி, முதலுதவிப் பெட்டி, மாணவர்கள் உட்கார பெஞ்சு என்று பட்டியல் நீளும். கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு வகை வாகனத்திலும் குறைந்தது ஒன்று பள்ளியின் சொந்த வண்டியாக இருக்க வேண்டும்; இருசக்கர வாகனம் தவிர மற்றவற்றில் பயிற்றுநர் பக்கத்திலும் கட்டுப்பாடு இருக்க வேண்டும். உரிமக் கட்டணம் ரூ.10,000. பயிற்றுநர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்; 5 ஆண்டுகள் ஓட்டிய அனுபவமும் மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழோ அதற்கு மேற்பட்ட தகுதியோ வேண்டும்.

இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் சொந்த வண்டியைத் தவிர்த்து, இந்தப் பட்டியலில் உள்ள பொருள்களை எல்லாம் ஒரு பள்ளி ஒரே நாளில் வாடகைக்குக்கூடத் திரட்டிவிட முடியும். பயிற்றுநருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியுமா என்று விதிகளில் எங்கும் சோதனை இல்லை. நன்றாக ஓட்டுகிறவர், பயத்தில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருக்கும் ஒருவருக்கு அரை கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கவும் தெரிந்தவராக இருப்பார் என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். என்னிடம் வேலை கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் முதல் திறமை உள்ளவர்கள். இரண்டாவது இருந்தவர்கள் மிகச் சிலர்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சேர வருகிறவர்கள் ‘எத்தனை மணி நேரம் ஓட்டத் தருவீர்கள்’ என்று கேட்பது அரிது. ‘எத்தனை நாளில் லைசென்ஸ் கைக்கு வரும், எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்றுதான் கேட்கிறார்கள். விதிப்படி நடத்தும் பள்ளி அதன் கட்டணத்தைச் சொன்னவுடன் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள்.

பழையபிரேக் எழுதியது:

மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மக்கள் எங்களைப் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்பார்கள். அதனால்தான் இங்கே இந்தப் பெயர்.

இரண்டாம்கியர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் விதிகளில் பல்லில்லை என்று அவர் சொல்ல வருவாரேயானால் அதை ஏற்க மாட்டேன். பல் இருக்கிறது, கடிப்பதில்லை. 31-ஆம் விதியின்படி சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்கான பயிற்சி 21 நாள்களுக்குக் குறையக் கூடாது. மாணவர் உண்மையில் வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. நாளுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் 21 நாளில் பத்தரை மணி நேரம் வரும். ஆகவே விதி கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாத ஒன்றல்ல. இதைச் சரிபார்க்க இரண்டு பதிவேடுகள் உள்ளன. 14-ஆம் படிவத்தில் சேர்ந்தவர்களின் பெயர்கள். 15-ஆம் படிவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு நாளும் ஓட்டிய நேரம்.

பள்ளி ஆய்வு என்று சொல்லிக்கொண்டு போகிற அலுவலர் பெரும்பாலும் சுவரைத்தான் பார்ப்பார். அட்டவணை தொங்குகிறதா, உரிமம் மாட்டியிருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவார். 15-ஆம் படிவத்தை ஒரு மேசையிலும், வண்டியின் ஓடிய தூரக் கணக்கையும் எரிபொருள் ரசீதுகளையும் இன்னொரு மேசையிலும் வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் உண்மை வெளியே வரும். ஒரு கார் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை இடைவிடாமல் ஓடினாலும் அரை மணி நேர வகுப்புகள் 24-க்கு மேல் கொள்ளாது. இரண்டு கார் வைத்திருக்கும் பள்ளி ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு 5-ஆம் படிவம் கொடுத்திருந்தால், அந்தக் கணக்கைப் போடுவதற்குத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பதிவேட்டில் ஒரே மையால், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்ட 21 நாள்களைப் பார்த்தவுடன் அனுபவமுள்ள எவருக்கும் விளங்கும்.

காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒருவர் ஓட்ட மற்ற மூவர் பின்னால் அமர்ந்திருப்பதையும் வகுப்பு நேரமாகவே எழுதும் பழக்கம் இருக்கிறது. பின்னிருக்கையில் இருந்து பார்ப்பதிலும் சிறிது பயன் உண்டுதான். ஆனால் விதி சொல்வது உண்மையில் ஓட்டிய நேரத்தை; வேடிக்கை பார்த்த நேரத்தை அன்று.

குறை கண்டால் 28-ஆம் விதியின்கீழ், விளக்கம் கேட்ட பிறகு, உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ முடியும். பாதிக்கப்பட்ட பள்ளி 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இவ்வளவு தெளிவாக அதிகாரம் இருந்தும் அது பயன்படாததற்குக் காரணம், வாகனப் பதிவு, தகுதிச் சான்று, விபத்து வண்டி ஆய்வு, ஓட்டுதல் தேர்வு எல்லாவற்றையும் பார்க்கும் அதே கைகள்தான் இதையும் பார்க்க வேண்டியிருப்பது. வேறு காரணங்களும் உண்டு. அவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை, வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

நேர்வழி எழுதியது:

எனக்கு அடிப்படையிலேயே ஓர் ஐயம். அரசு எதற்காகப் பள்ளிக்கு உரிமம் கொடுக்க வேண்டும்? சட்டப்படி, உரிமம் உள்ள என் அண்ணன் பக்கத்தில் அமர்ந்திருக்க, சிவப்பு எழுத்தில் ‘எல்’ பலகை மாட்டிக்கொண்டு, எல்.எல்.ஆர். வைத்திருக்கும் நான் அவருடைய காரிலேயே கற்றுக்கொள்ளலாம். பள்ளிக்குப் போகாமலே 30 நாள் கழித்துத் தேர்வுக்கு நிற்கலாம். அப்படியிருக்க, இறுதித் தேர்வைக் கடுமையாக வைத்துவிட்டால் யார் எங்கே கற்றார் என்பது யாருக்கும் தேவையில்லாத கேள்வி. பள்ளிகளை ஒழுங்குபடுத்துவதில் செலவிடும் உழைப்பைத் தேர்வுக் களத்தில் செலவிட்டால் போதாதா?

சட்டப்புள்ளி எழுதியது:

நேர்வழி அவர்களே, சொந்தக் காருக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் சட்டம் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. பிரிவு 9-இன் 4-ஆம் உட்பிரிவின்படி, போக்குவரத்து வாகனம் (பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வணிக வண்டி) ஓட்ட உரிமம் கேட்பவர் 12-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட பள்ளியின் சான்றிதழைக் காட்ட வேண்டும். முன்பு அதோடு குறைந்தபட்சக் கல்வித் தகுதியும் இருந்தது. 2019 திருத்தம் அதை நீக்கிவிட்டது. பிழைப்புக்காக ஓட்டுகிறவருக்குப் பள்ளி கட்டாயம், மற்றவர்களுக்கு விருப்பம் என்பதுதான் சட்டத்தின் ஏற்பாடு.

இங்கே இன்னொரு சிக்கல் வந்து சேர்ந்திருக்கிறது. 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொல்லப்பட்டதை உறுதி செய்து, 2024 நவம்பர் 6-ஆம் நாள் ரம்பா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட மொத்த எடையுள்ள போக்குவரத்து வாகனத்தையும் உரிமத்தில் தனி அனுமதிப் பதிவு இல்லாமலே ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு மறுக்கப்படக் கூடாது என்ற நோக்கில் அது வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களின் வாழ்வாதாரமும் அதில் அடங்கியிருந்தது. ஆனால் பயிற்சியின் கோணத்திலிருந்து பார்த்தால், அண்ணனிடம் கற்றுக்கொண்டு தேறியவர் மறுநாளே சரக்கு ஏற்றிய மினி லாரியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகலாம். பள்ளிச் சான்றிதழ் என்ற கட்டாயம் மெய்யாகவே எஞ்சி நிற்பது அந்த எடைக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். நடு வகையில் ஓடும் பெருந்தொகையான வண்டிகள் அந்த வலையிலிருந்து நழுவிவிட்டன.

ரைன்கரை எழுதியது:

நேர்வழியின் கேள்விக்கு வெளியிலிருந்து ஒரு விடை. நான் வசிக்கும் ஜெர்மனியில் அண்ணன் கற்றுக்கொடுக்க முடியாது, பள்ளி கட்டாயம். ‘பி’ வகை (கார்) உரிமத்துக்குத் தலா 90 நிமிடம் கொண்ட 14 பாட வகுப்புகள் உண்டு. ஓட்டுதல் பயிற்சியில், ஊருக்கு வெளியே 5, விரைவுச் சாலையில் 4, இருட்டில் 3 என்று தலா 45 நிமிடம் கொண்ட 12 சிறப்புப் பயணங்கள் கட்டாயம். சாதாரண வகுப்புகளின் எண்ணிக்கையைச் சட்டம் சொல்லவில்லை. மாணவர் தயாராகிவிட்டார் என்று பயிற்றுநர் கருதும்வரை நீளும். ஆனால் தேர்வு நடத்துவது பள்ளி அன்று. டூஃப், டெக்ரா போன்ற தனி அமைப்புகளின் தேர்வாளர் பின்னிருக்கையில் அமர்ந்து முடிவு செய்வார். கற்றுக்கொடுத்தவரே தேர்ச்சிச் சான்றும் கொடுப்பது என்பது அங்கே நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

பிரிட்டன் வேறு வழியில் போகிறது. அங்கே நண்பரிடமோ பெற்றோரிடமோ கற்றுக்கொள்ளலாம். பணம் வாங்கிக் கற்றுக்கொடுப்பவராக இருந்தால் அவர் பெயர் அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதற்கு மூன்று கட்டத் தேர்வு: கோட்பாடு, ஓட்டும் திறன், கற்றுக்கொடுக்கும் திறன். பதிவு 4 ஆண்டுகளுக்கு. அதற்குள் ஒரு முறையாவது அரசு அலுவலர் உடன் அமர்ந்து அவர் பாடம் நடத்துவதைப் பார்த்துத் தரம் போடுவார். முழுப் பதிவு பெற்றவர் பச்சை வில்லையையும், பயிற்சியில் உள்ளவர் இளஞ்சிவப்பு வில்லையையும் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருப்பார். இரண்டாம்கியர் கேட்டது அதுதான்: கட்டடத்துக்கு உரிமம் கொடுப்பதா, மனிதருக்கு உரிமம் கொடுப்பதா?

மருதாணி எழுதியது:

மனிதரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். அறிமுகமில்லாத ஒருவரோடு மூடிய காரில் மூன்று வாரம் பயிற்சி எடுக்கும் பெண்களுக்கு விதிகள் தரும் பாதுகாப்பு, பள்ளி நடத்துபவரும் பணியாளரும் ‘நன்னடத்தை உள்ளவர்’ ஆக இருக்க வேண்டும் என்ற ஒரு சொற்றொடர் மட்டுமே. நடைமுறையில் நமக்கு உதவக்கூடியவை வேறு இரண்டு நிபந்தனைகள். பயிற்றுநர்களின் பெயரும் முகவரியும் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பயிற்சி வண்டியில் பள்ளியின் பெயரும் முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் பலகையில் இல்லாத ஒருவர் வண்டியோடு வந்து நின்றால், ‘இன்றைக்கு மட்டும் இவர்’ என்ற சமாதானத்தை ஏற்காமல் திரும்பி வந்துவிடுங்கள். பெண் பயிற்றுநர் உள்ள பள்ளிகள் கூடி வருகின்றன. ஆனால் அது சந்தை செய்த வேலை, விதி செய்ததன்று.

பழையபிரேக் எழுதியது:

மருதாணி அம்மா சொன்ன பலகையை ஆய்வின்போது நானும் பார்த்ததுண்டு. பல இடங்களில் அதில் இருந்த பெயர்கள் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களுடையவை.

ரைன்கரை எழுதியதைத் தொடர்ந்து, 2021 விதிகளைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய மையங்களுக்கான தரம் பழையதைவிட மிக மேலானது என்பதில் ஐயமில்லை. இலகுரக வாகனங்களுக்கு ஓர் ஏக்கர், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஓட்டுதல் களம், சிமுலேட்டர், விரல்ரேகை வருகைப் பதிவு. இலகுரக வாகனத்துக்கு 4 வாரத்துக்குள் 29 மணி நேரப் பயிற்சி. அதில் 8 மணி பாடம், 21 மணி செய்முறை. பழைய 10 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இரு மடங்குக்கும் அதிகம். பயிற்றுநர் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.

நான் மறுப்பது ஒன்றே ஒன்றை. பயிற்சியும் தேர்வும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. கட்டணம் கட்டியவரைத் தோல்வியுறச் செய்வதால் வருமானத்தை இழக்கப் போகிறவர் கையில் அவருடைய விடைத்தாளைத் திருத்தும் வேலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. 15-ஆம் படிவத்தைச் சரிபார்க்க நேரமில்லாத துறை, இந்த மையங்களின் தேர்வுகளை மட்டும் எப்படிக் கண்காணிக்கும்?

இரண்டாம்கியர் எழுதியது:

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் உங்கள் துறையின் தேர்வு எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டுவதும், காருக்கு இருநூறு முந்நூறு மீட்டர் நேராக ஓட்டி இரண்டாம் கியருக்கு மாற்றிக் காட்டுவதும் 29 மணி நேரப் பயிற்சியை அளந்துவிடுமா? கேமராவும் உணரிகளும் பொருத்திய கணினிக் களங்கள் வந்த இடங்களில் நிலைமை மாறியிருக்கிறது. எல்லா அலுவலகங்களுக்கும் அவை வரவில்லை. மேலும், ஓர் ஏக்கர் நிலம் என்பதை நகரத்துக்குள் எந்தச் சிறு பள்ளியால் வாங்க முடியும்? பெரிய நிறுவனங்களும் அரசு சார்ந்த அமைப்புகளும்தான் வருவார்கள். நாங்கள் 5-ஆம் படிவத்தோடு நின்றுவிடுவோம்.

2024-இல் கேரளத்தில் நடந்ததை நினைவூட்டுகிறேன். பிப்ரவரியில் போக்குவரத்துத் துறை ஒரு சுற்றறிக்கையின் மூலம் தேர்வு முறையையும் தேர்வு வண்டிகளுக்கான நிபந்தனைகளையும் மாற்ற முனைந்தது. மே மாதத்தில் பள்ளி நடத்துகிறவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்; பல இடங்களில் தேர்வுகளே நின்றன. நோக்கம் நல்லதாக இருந்தாலும் பள்ளிகளைக் கூட்டிப் பேசாமல், கால அவகாசம் கொடுக்காமல் செய்தால் இப்படித்தான் முடியும்.

சட்டப்புள்ளி எழுதியது:

கேரள நிகழ்வுக்குப் பின்னால் அதிகாரப் பகிர்வுச் சிக்கலும் இருக்கிறது. மோட்டார் வாகனங்கள் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 35-ஆவது பதிவாக உள்ளன. ஆனால் பள்ளிகளைப் பொறுத்தவரை விதி எழுதும் பேனா 12-ஆம் பிரிவால் மத்திய அரசிடம் இருக்கிறது. ஆய்வு செய்யும் ஆள் மாநில அரசுடையவர். எழுதியவருக்கு அன்றாடத் தொல்லை தெரியாது, நடத்துபவருக்குத் திருத்தும் உரிமை இல்லை. பழையபிரேக் ஐயா சொன்ன 15-ஆம் படிவத்தை மின்னணுப் பதிவேடாக்கி, மாணவர் ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் தம் கைப்பேசியில் வரும் கடவுச்சொல்லால் உறுதி செய்தால்தான் 5-ஆம் படிவம் உருவாகும் என்று வைத்தால், ஓர் ஏக்கர் நிலம் வாங்க முடியாத சிறு பள்ளியும் தன் நேர்மையைக் காட்ட வழி கிடைக்கும். உரிம விண்ணப்பங்கள் ஏற்கெனவே அரசின் ‘சாரதி’ இணையதளத்தில்தான் நடக்கின்றன.

தண்டனையையும் பார்க்க வேண்டும். உரிமமே இல்லாமல் பள்ளி நடத்தினாலும், வேறு தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்கான பொதுப் பிரிவான 177-தான் பொருந்தும். முதல் முறை ரூ.500, மறுமுறை ரூ.1,500 வரை அபராதம். உரிமக் கட்டணமே ரூ.10,000 என்னும்போது, எது மலிவு என்று ஒருவர் கணக்குப் போட்டால் என்ன செய்வது?

நேர்வழி எழுதியது:

தேர்வை மட்டும் கடுமையாக்கினால் போதும் என்ற என் வாதத்தை முழுவதுமாகக் கைவிடவில்லை. ஆனால் தேர்வாளரும் பயிற்றுநரும் வேறு வேறாக இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும் என்பது தெளிவாகிறது. ஒரு கேள்வி: பணம் முழுவதையும் கட்டிய பிறகு பள்ளி பாதியில் மூடப்பட்டால் மாணவர் என்ன செய்வது?

சட்டப்புள்ளி எழுதியது:

உரிமம் வழங்கிய அலுவலரின் எழுத்து மூலமான முன் ஒப்புதல் இல்லாமல் பள்ளியை வேறிடத்துக்கு மாற்றுவதுகூட 27-ஆம் விதிப்படி கூடாது. எனவே முதல் புகார் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு எழுத்தில் போக வேண்டும். அவரால் உரிமத்தின் மீது நடவடிக்கை எடுக்க முடியும். பணத்தைத் திருப்பி வாங்கித் தர இயலாது. பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டது என்றால் மனுக் கட்டணம் இல்லை. ரசீதில் பள்ளியின் உரிம எண்ணும், வாக்களித்த ஓட்டும் நேரமும், இதுவரை எடுத்த வகுப்புகளின் தேதியும் இருந்தால் வழக்கு எளிதாகும். ரசீது தராத பள்ளியிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டாம். வாரக் கணக்கில் பிரித்துக் கட்டுங்கள்.